ராத்திரியில் இரையும் கம்ப்யூட்டருக்கு எந்த ஃபேன் மாட்டலாம்?

கேள்வி இதுதான். ஐந்து வருடம் ஓடிய டெஸ்க்டாப். கேபினெட்டின் பின்பக்க ஃபேன் சில மாதங்களாக இரைகிறது. பகலில் பெரிதாகத் தெரிவதில்லை. இரவில் குழந்தையைத் தூங்க வைத்து, ஏசி போட்டு, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அதே அறையில் வேலைக்கு உட்கார்ந்தால் தாங்க முடியவில்லை. கடையில் மூன்று ஃபேன் காட்டினார்கள். ஒன்றின் பெட்டியில் 'சைலண்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில் கலர் விளக்கு எரிகிறது. மூன்றாவது, மற்ற இரண்டின் விலையைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். எதை வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 120 மில்லிமீட்டர் அளவு, 25 மில்லிமீட்டர் கனம், 4 பின் கனெக்டர், சுற்றும் தண்டை எண்ணெயில் மிதக்க வைக்கும் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங், அதிகபட்ச வேகம் 1,300 முதல் 1,800 ஆர்பிஎம்முக்குள் (ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று). இந்த ஐந்தும் பொருந்தினால் போதும். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம், நொக்டுவா என்எஃப்-பி12 ரிடக்ஸ் இரண்டுமே இந்தக் கணக்கில் வருபவை, எதை எடுத்தாலும் குறையில்லை. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இரைவது நிஜமாகவே அந்த ஃபேன்தானா? புது ஃபேனை மெதுவாகச் சுற்ற வைக்க உங்கள் மதர்போர்டால் (எல்லா பாகமும் செருகியிருக்கும் பெரிய போர்டு) முடியுமா? இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கினால், மாட்டிய அன்று ராத்திரியும் அதே இரைச்சலோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் விஷயம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது நினைப்பது போல சுலபமில்லை. கேபினெட் ஒரு தகரப் பெட்டி. எந்த மூலையில் அதிர்ந்தாலும் பெட்டி முழுக்க ஒலிக்கும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் இதே புகாரோடு வந்தான். பின்பக்க ஃபேன்தான் என்று அவனுக்கு உறுதி. சைடு மூடியைக் கழற்றி, செய்தித்தாளைக் குழல் மாதிரிச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனோம். பின்பக்க ஃபேன் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. சிபியு, அதாவது ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கு வந்ததும் 'டிரிக் டிரிக் டிரிக்' என்று தெளிவாகக் கேட்டது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ஒரு கேபிள் தொய்ந்து, ஃபேன் றெக்கையின் நுனியில் உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடத்தில் கேபிளின் சிவப்புத் தோல் வழவழவென்று தேய்ந்து வெளுத்திருந்தது. ஒரு சின்னக் கட்டுக்கம்பியால் கேபிளை இழுத்துக் கட்டினோம். வேலை முடிந்தது.

அதனால் மூடியைத் திறந்து கேளுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வீசும் சத்தமா? அது வேகத்தால் வருவது, அதே ஃபேனை மெதுவாக்கினாலே குறையும். 'கர்ர்ர்', 'டக டக' என்று உலோகம் அரைபடும் சத்தமா? அது பேரிங், ஃபேனை மாற்றத்தான் வேண்டும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம், கையை கேபினெட் மேல் வைத்து அழுத்தினால் குறைகிறதா? அது அதிர்வு, மாட்டிய விதத்தில் கோளாறு. பிரவுசரில் பக்கத்தை உருட்டும்போதோ கேம் ஓடும்போதோ மட்டும் மெல்லிய 'கீஈஈ' வருகிறது என்றால் அது ஃபேனே இல்லை, கிராபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள கம்பிச் சுருள் (coil) அதிர்வது. எந்த ஃபேனை மாற்றினாலும் அது போகாது.

பேரிங்தானா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பின்பக்க ஃபேன் காற்றை வெளியே தள்ளுவது. அதனால் அதன் சுற்றும் குமிழ் கேபினெட்டின் உட்பக்கம் பார்த்திருக்கும். விரல் நுனியை அந்தக் குமிழின் நட்டநடுவில் மெதுவாக வையுங்கள். றெக்கையைத் தொட வேண்டாம். லேசாக அழுத்தும்போது சத்தம் மாறினாலோ, ஃபேன் நின்ற நொடியில் கர்ர் போய்விட்டாலோ குற்றவாளி அதுதான். சில நொடி நிறுத்திப் பிடிப்பதால் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது.

பேரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம்தான் சத்தம்' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடிகின்றன. விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு சின்ன வெண்கலக் குழல், அதற்குள் சுற்றும் ஒரு தண்டு, அவ்வளவுதான். புதிதாக இருக்கும்போது இதைவிட அமைதியான பேரிங் கிடையாது. கடையில் ஓட்டிக் காட்டும்போது விலை உயர்ந்த ஃபேனுக்கும் இதற்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் சூட்டில் எண்ணெய் வற்றுகிறது, ஓரத்தில் கசிகிறது, தூசி சேர்ந்து களிம்பாகிறது. வெண்கலம் தேய்ந்து தண்டு ஆட ஆரம்பித்ததும் கர்ர் தொடங்கிவிடும். கேபினெட்டின் மேற்பக்கத்தில் படுக்கவைத்து மாட்டினால் இன்னும் சீக்கிரம் போகும்.

பால் பேரிங் சூட்டைத் தாங்கும், எப்படி மாட்டினாலும் கவலையில்லை, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே குண்டுகள் உருளும் 'ர்ர்ர்' லேசாகக் கேட்கும். பகலில் தெரியாது, உங்கள் ராத்திரி அறையில் தெரியும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கில் குழலுக்கு உள்ளே நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது எண்ணெய் அந்த வரிகளில் ஏறி அழுத்தம் பெற்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் தண்டை மிதக்க வைக்கும். எண்ணெய் வெளியே போகாமல் முத்திரையும் இருக்கும். அமைதியும் ஆயுளும் சேர்ந்து கிடைப்பது இதில்தான். பெட்டியில் 'ரைஃபிள்', 'ஹைட்ராலிக்' என்று இருந்தால் அவை ஸ்லீவைக் கொஞ்சம் மேம்படுத்திய வகைகள், நடுத்தரம். பேரிங் என்னவென்று பெட்டியில் எங்குமே எழுதவில்லையா? ஸ்லீவ் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபேனின் நடு ஸ்டிக்கரை உரித்து எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம் ஓடும். புது ஃபேன் கைக்கு வரும்வரை சமாளிக்க அது போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், உங்களுடையதோ ஏசி அறை. அதோடு நாளாக ஆகப் பிசுக்குப் பிடித்துத் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். துருப்பிடித்த நட்டு கழற்ற அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது வேகம். அமைதிக்கு வழி மெதுவாகச் சுற்றுவதுதான், மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடி. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும் என்பதால் 15 என்பது பெரிய இறக்கம். சரி, காற்று பாதியாகிவிட்டதே என்றால், அதே வேகத்தில் இன்னொரு ஃபேனைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே அளவு சத்தம் உள்ள இரண்டாவது ஃபேன் கூட்டுவது வெறும் 3 டெசிபெல். ஆக 1,500 ஆர்பிஎம்மில் இரைந்த ஒரு ஃபேனுக்குப் பதில் 750-இல் இரண்டு ஓடினால், கணக்குப்படி அதே காற்று, 12 டெசிபெல் குறைவு. நிஜ கேபினெட்டில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக நிற்காது. ஆனாலும் போக்கு இதுதான். 'ஃபேன் கூடினால் சத்தமும் கூடும்' என்று பயந்து ஒரே ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பெரிய ஃபேன் நல்லது என்பதும் இதே காரணத்தால்தான். 140 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு 120-ஐவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகம், அதே காற்றுக்கு மெதுவாகச் சுற்றினால் போதும். உங்கள் கேபினெட்டில் இரண்டு அளவுக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்கும். ஸ்கேலை வைத்து, பக்கத்துப் பக்கத்து ஸ்க்ரூ துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். 105 மில்லிமீட்டர் வந்தால் 120 ஃபேன். 124.5 வந்தால் 140. 82.5 வந்தால் 92. 71.5 வந்தால் 80. துளைகளின் இடைவெளியையே ஃபேன் அளவு என்று நினைத்து '105 எம்எம் ஃபேன் இருக்கா' என்று கடைக்கடையாகக் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர்தான் வழக்கம். இடம் நெருக்கமான கேபினெட்டுக்கு 15 மில்லிமீட்டர் ஒல்லி ஃபேன்கள் உண்டு, ஆனால் வேறு வழி இருக்கும்வரை அவற்றை வாங்க வேண்டாம். அதே காற்றுக்கு அவை வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது? டெசிபெல் என்று போடுவது பெரும்பாலும் முழு வேகத்தில், அமைதியான சோதனை அறையில், ஃபேனுக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. ஒவ்வொரு நிறுவனமும் அளக்கும் விதம் வேறு, அதனால் ஒரு கம்பெனியின் 22-ஐ இன்னொரு கம்பெனியின் 24-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் உதவும். நொக்டுவா என்எஃப்-பி12 ரிடக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,700 ஆர்பிஎம் மாடலுக்கு 25.1 டெசிபெல், 1,300 மாடலுக்கு 19.8 என்று அந்த நிறுவனமே தருகிறது. ஃபேன் அதேதான், வேகம்தான் வேறு. 1,700 மாடலை வாங்கி 1,300-இல் ஓட்டினால் அமைதி ஏறக்குறைய 1,300 மாடல் அளவுக்கு வந்துவிடும், தேவைப்படும்போது வேகமும் கையில் இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாத பழைய மதர்போர்டு என்றால் மட்டும் முதலிலேயே குறைந்த வேக மாடலை வாங்குங்கள்.

சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்ற காற்றளவும் தடையில்லாத திறந்த வெளியில் எடுத்த எண்தான். முன்னால் தூசி வலை, பின்னால் துளைத் தகரம் என்று வைத்துவிட்டால் அந்த அளவு வராது. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்க இந்த எண் நன்றாக உதவும். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் 1,800 ஆர்பிஎம்மில் 56.3 சிஎஃப்எம் என்று சொல்கிறது. ரிடக்ஸ் 1,700-இல் சுமார் 70. ஏரோடைனமிக்ஸில் வருடக்கணக்காக உழைத்தவர்களே இவ்வளவுதான் சொல்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு ஃபேனின் பெட்டியில் '1,200 ஆர்பிஎம், 90 சிஎஃப்எம், 16 டெசிபெல்' என்று மூன்றும் ஒன்றாக எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஒரு எண்ணில் கை வைப்பவர்கள் பேரிங் பெயரிலும் வைப்பார்கள்.

ஸ்டாடிக் பிரஷர் என்று இன்னொரு எண் வரும், தடையை எதிர்த்துக் காற்றைத் தள்ளும் திறன். ஹீட்சிங்க் (ப்ராசஸர் சூட்டை வாங்கும் நெருக்கமான உலோகத் தகடுகள்), வாட்டர் கூலரின் ரேடியேட்டர், அடர்த்தியான தூசி வலை உள்ள முன்பக்கம் இவற்றுக்கு அது முக்கியம். பின்பக்கத்தில் வெறும் துளைத் தகரம்தான் என்பதால் உங்கள் கேள்விக்கு அது பெரிதில்லை.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பெட்டி இல்லாமல் தனி ஃபேன் கிடைக்கும். நல்ல சரக்கும் இருக்கும். அப்படி வாங்கும்போது நடு ஸ்டிக்கரைப் படியுங்கள். முதலில் 12 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், தொழிற்சாலை இயந்திரங்களுக்கான 24 வோல்ட் ஃபேனும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஆம்பியர். வீட்டு கம்ப்யூட்டருக்கான 120 ஃபேன்கள் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 ஆம்பியருக்குள் இருக்கும். 0.8, 1, 1.5 என்று பார்த்தால் அது சர்வரிலிருந்து கழற்றியது. கையில் பிடித்தால் கனமாக, உறுதியாக, தரமாகத் தெரியும். ஓட்டினால் தெருவுக்கே கேட்கும்.

இப்போது கனெக்டர். அநேகம் பேர் நல்ல ஃபேன் வாங்கியும் ஏமாறுவது இங்கேதான். 3 பின் ஃபேனில் எர்த், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் சிக்னல் என்று மூன்று கம்பி. அதன் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மதர்போர்டு வோல்டேஜையே குறைக்க வேண்டும். 4 பின் ஃபேனில் நான்காவதாக பிடபிள்யூஎம் கம்பி உண்டு. 12 வோல்ட் அப்படியே இருக்கும், நொடிக்கு 25,000 முறை அடிக்கும் சிக்னல் வழியாக 'இத்தனை சதவீதம் ஓடு' என்று கட்டளை போகும். மெதுவான வேகத்தில் தடுமாறாமல் சுற்றுவதற்கு இதுதான் சிறந்தது. 3 பின் ஃபேனை 4 பின் இடத்தில் செருகலாம், ஓடும். ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) அந்த இடம் 'பிடபிள்யூஎம்' என்று வைத்திருந்தால் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதை 'டிசி', அதாவது வோல்டேஜைக் குறைக்கும் முறைக்கு மாற்றியதும் அடங்கிவிடும். புது ஃபேன் வாங்கியும் சத்தம் போகவில்லை என்பவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு மாற்றம்தான்.

நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை பெட்டி) வரும் பெரிய 4 பின் மின் கனெக்டரில் செருகும் ஃபேன்களை வாங்கவே வேண்டாம். கலர் விளக்கு ஃபேன்களில் இந்த வகை நிறைய வருகிறது. 12 வோல்ட் நேரடியாகப் போகும், வேகத்தைக் குறைக்க வழியே இருக்காது. கடையில் காட்டிய இரண்டாவது ஃபேனின் கம்பியைப் பார்த்தால் அந்த ரகமா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மதர்போர்டில் ஒரே ஒரு கேபினெட் ஃபேன் செருகும் இடம்தான் இருக்கிறதென்றால் ஒய் வடிவப் பிரிப்பு கேபிள் போட்டு இரண்டை ஓட்டலாம். ஒரு இடம் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், இரண்டு மூன்று சாதாரண ஃபேனுக்கு அது தாராளம். ஆர்க்டிக்கின் 'பிஎஸ்டி' என்று முடியும் மாடல்களில் அந்தப் பிரிப்பு கேபிளிலேயே வந்துவிடும்.

பிராண்டட் கம்ப்யூட்டர், அதாவது டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் ஃபேன் கனெக்டர் வேறு வடிவம், 5 பின் கூட உண்டு. வடிவம் ஒத்துப்போனாலும் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். எதிர்பார்க்கும் சிக்னல் வராவிட்டால் ஆன் செய்தவுடன் ஃபேன் எரர் காட்டி நின்றுவிடும். அந்த மாடலின் பார்ட் நம்பரைச் சொல்லி அதே ஃபேனை வாங்குவதுதான் அங்கே நிம்மதி. அதேபோல இன்டெல் பெட்டியில் வரும் சிபியு கூலரின் ஃபேனும் பொது அளவில் வராது. அது இரைந்தால் ஃபேனை மட்டும் தேடாமல் கூலரையே 92 அல்லது 120 ஃபேன் உள்ள டவர் வகைக்கு மாற்றுங்கள். கேபினெட்டின் அகலத்தை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள், 120 ஃபேன் டவர்கள் ஏறக்குறைய 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும்.

மாட்டும்போது காற்றின் திசையைப் பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டாலும், குறுக்குக் கம்பிகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பின்பக்க ஃபேனுக்கு அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு ஒரு டிஷ்யூ துண்டைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், படபடவென்று வெளியே பறந்தால் சரி. முடிந்தால் ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் ஆணி போடுங்கள். நீளமான வால் உள்ள ரப்பர், துளை வழியே விட்டு வாலைப் பிடித்து இழுத்தால் 'பொதுக்' என்று உட்காரும். அதிர்வு தகரத்துக்குப் போகாது. ஸ்க்ரூதான் என்றால் நான்கையும் பாதி பாதி திருகி, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கினால் சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டு ரீங்காரம் வரும்.

அடுத்தது பயாஸ். அமைதியில் பாதி இங்கேதான் இருக்கிறது. அசூஸில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், ஏஎஸ்ராக்கில் ஃபேன்-டாஸ்டிக் டியூனிங் என்று பெயர்தான் வேறு. எல்லாவற்றிலும் சூடு இத்தனை டிகிரி என்றால் ஃபேன் இத்தனை சதவீதம் என்று ஒரு கோடு வரையலாம். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டும் கோட்டை அப்படியே போடாதீர்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் ஊரில் மே மாதப் பகலில் ஏசி இல்லாத அறை 35-ஐத் தாண்டும். அறைச் சூடு 15 டிகிரி கூடினால் சிபியு சூடும் கிட்டத்தட்ட அதே 15 கூடும். 40 டிகிரியில் ஃபேன் ஏறத் தொடங்கும்படி அவர்கள் வைத்ததை நாம் வைத்தால், சும்மா இருக்கும்போதே ஃபேன் பாதி வேகத்தில் ஓடும். பின்பக்க ஃபேனுக்கு 55 டிகிரி வரை 35 சதவீதம், 65-இல் 50, 75-இல் 70, 85-இல் முழு வேகம் என்று தொடங்குங்கள். பிறகு ஒரு வாரம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கால ப்ராசஸர்கள் 75, 80 டிகிரியில் நன்றாகவே வேலை செய்யும். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

அந்த எண்களைவிட முக்கியமானது ஏற்ற இறக்கம். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும். மழைச் சத்தத்தில் தூங்கும் குழந்தை, கதவு தட்டினால் விழித்துவிடும் அல்லவா, அதே கதைதான். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே சிபியு சூடு ஒரு நொடியில் 10 டிகிரி எகிறி இறங்கும். ஃபேனும் கூடவே 'வ்ரூம்' என்று ஏறி இறங்கும். இதைத் தடுக்க, 'ஸ்டெப் அப்', 'ஸ்மூத்திங்', 'டிலே' என்ற பெயர்களில் இருக்கும் தாமதத்தை உங்கள் போர்டு அனுமதிக்கும் அதிகபட்சத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க ஃபேன் எந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் சிபியுவை எடுத்துவிட்டு மதர்போர்டைக் கொடுங்கள், அது நிதானமாகத்தான் மாறும். அப்படிக் கொடுத்தால் டிகிரிகளைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், மதர்போர்டு அவ்வளவு சூடாகாது.

இன்னொரு நுணுக்கம். எந்த ஃபேனானாலும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கேபினெட்டோடு சேர்ந்து ரீங்கரிக்கும். ராத்திரி அறை அமைதியாக இருக்கும்போது வேகத்தை 5 சதவீதம் 5 சதவீதமாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். எங்கே 'ம்ம்ம்' எழும்புகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கோடு அங்கே நிற்காமல் தாண்டிப் போகும்படி வையுங்கள். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் விடாதீர்கள். 7 றெக்கை உள்ள ஃபேன் 1,200 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 140 அதிர்வு. பக்கத்தில் இருப்பது 1,190-இல் சுற்றினால் 139-க்குச் சற்றுக் கீழே. இந்த இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஒருமுறை 'வூம்… வூம்…' என்று ஏறி இறங்கும். தனித்தனியாக அமைதியான இரண்டு ஃபேன் சேர்ந்து தூக்கத்தைக் கெடுப்பது இப்படித்தான். ஒன்றை நூறு ஆர்பிஎம் தள்ளி வைத்தால் அடங்கிவிடும்.

தூசி வலையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வலை அடைத்தால் காற்று குறையும், சூடு ஏறும், ஃபேன் தானாக வேகம் பிடிக்கும். ப்ளோயர் வைத்து ஊதினால் றெக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் அதைப் பம்பரமாகச் சுற்றவிட்டால் நல்ல பேரிங்கும் கெடும்.

உங்கள் மூன்று ஃபேன்களுக்கு வருகிறேன். 'சைலண்ட்' பெட்டியில் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்பதும் 4 பின் என்பதும் எழுதியிருந்தால் அதையே வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். விலை கூடிய மூன்றாவது, நொக்டுவா ஏ12x25 போன்ற ரகமாக இருந்தால் அருமையான பொருள்தான். றெக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி, ஆறு வருட வாரண்டி. ஆனால் அந்த உழைப்பின் பலன் முழுதாகத் தெரிவது ரேடியேட்டரிலும் ஹீட்சிங்கிலும்தான். பின்பக்கத்தில் 700, 800 ஆர்பிஎம்மில் சுற்றப்போகும் ஃபேனுக்கு அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. நானாக இருந்தால் அந்தப் பணத்தில் ஆர்க்டிக் பி12 அல்லது ரிடக்ஸ் இரண்டு வாங்கி, ஒன்றைப் பின்னாலும் ஒன்றை முன்னாலும் மாட்டி, இரண்டையும் மெதுவாக விடுவேன்.

மாட்டிய பிறகும் ராத்திரியில் ஏதாவது இரைந்தால், அடுத்து அந்தக் காகிதக் குழலை எஸ்எம்பிஎஸ் பக்கம் கொண்டுபோங்கள். அதற்குள்ளும் ஒரு ஃபேன் உண்டு, அதற்கும் அதே ஐந்து வயதுதான். அது இரைந்தால் அதன் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அப்படியே நிற்கலாம். வாரண்டி இருந்தால் கொடுத்து மாற்றுங்கள், முடிந்திருந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.